வகுப்பில் கத்திப் பதில் சொல்வதைப் பாராட்டால் குறைப்பது எப்படி?

ஆசிரியர் வெளியே போனால் கிளாஸ் லீடர் பேசுபவர்களின் பெயரைப் போர்டில் எழுதுவது நம் பள்ளிகளில் பழைய வழக்கம். பேசியவன் பெயரை வகுப்பே பார்க்கிறது. வாயைத் திறக்காமல் கணக்குப் போட்டவள் பெயர் எங்கும் வருவதில்லை. எந்தச் செயலுக்குக் கவனம் கிடைக்கிறதோ அதுதான் வளரும். அந்தக் கவனத்தைத் திருப்பிவிடுவதுதான் இங்கே வேலை. 4ஆம் வகுப்பு, 35 பிள்ளைகள் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: ஒரே ஒரு செயல்

"ஒழுங்கா இருக்கணும்" என்பதை எண்ண முடியாது. "பதில் தெரிந்தால் கை தூக்கி, பெயர் சொல்லும்வரை காத்திருப்பது" என்பதை எண்ணலாம். இரண்டு மூன்றைச் சேர்த்து எடுத்தால் எதுவும் நடக்காது.

படி 2: முதலில் எண்ணுங்கள்

மூன்று நாள், ஒரே பீரியடின் முதல் 10 நிமிடம். கை தூக்காமல் கத்திய ஒவ்வொரு பதிலுக்கும் நோட்டு ஓரத்தில் ஒரு கோடு. இதைத் தவிர்த்தால், பிறகு பலன் இருக்கிறதா என்பது வெறும் ஊகம்தான்.

படி 3: செய்து பழக்குங்கள்

திங்கள் காலை ஐந்து நிமிடம் போதும். நீங்கள் செய்து காட்டுங்கள், பிள்ளைகள் செய்து பார்க்கட்டும். விதியைச் சுவரில் ஒட்டினால் மட்டும் போதாது. 1968இல் அமெரிக்காவில் மாட்சன், பெக்கர், தாமஸ் ஆகிய ஆய்வாளர்கள் வகுப்பறைகளில் சோதித்தபோது, விதி மட்டும் பெரிதாக எதையும் மாற்றவில்லை. நல்ல நடத்தையைப் பாராட்டத் தொடங்கிய பிறகே மாற்றம் வந்தது.

படி 4: பாராட்டும் வாக்கியம்

பெயர், செய்த செயல், அதனால் விளைந்தது. மூன்றும் இருக்க வேண்டும்:

"கவின், கை தூக்கிட்டுக் காத்திருந்தே. மலர் சொன்னது எல்லாருக்கும் கேட்டுச்சு."

செயல் நடந்த சில நொடிகளில் சொல்லிவிடுங்கள். மதியம் சொன்னால் எதற்கென்று பிள்ளைக்குப் புரியாது. "குட் பாய்" கேட்க இனிமைதான், ஆனால் எதைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று அது சொல்வதில்லை. "நீ ரொம்பப் புத்திசாலி" அதைவிட மோசம்: 1998இல் உளவியலாளர்கள் முல்லர், ட்வெக் நடத்திய ஆய்வில், புத்தியைப் பாராட்டிக் கேட்ட குழந்தைகள் ஒருமுறை தோற்றதும் முயற்சியில் தளர்ந்தார்கள்.

மறக்காமலிருக்க: 10 புளியங்கொட்டைகளை ஒரு சாக்பீஸ் டப்பாவில் போடுங்கள். ஒவ்வொரு பாராட்டுக்கும் ஒன்றை அடுத்த டப்பாவுக்கு மாற்றுங்கள். பீரியட் முடிவில் முதல் டப்பா காலியாகியிருக்க வேண்டும். முதல் வாரம் இது செயற்கையாகத்தான் இருக்கும், பரவாயில்லை.

படி 5: கத்துகிற பிள்ளை

கத்தியதற்குப் பதில் தராதீர்கள். பக்கத்தில் கை தூக்கியவரைப் பாராட்டுங்கள். இவன் ஒருமுறை கை தூக்கியதும் உடனே அவனிடம் போங்கள். கத்தல் முதலில் சில நாள் கூடலாம். இதுவரை கிடைத்த கவனம் நின்றதால், இன்னும் உரக்கக் கேட்டுப் பார்க்கிறான். பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் பொறுமை இழந்து திட்டிவிடுகிறார்கள். இன்னும் உரக்கக் கத்தினால் பலிக்கும் என்று அவனும் கற்றுக்கொள்கிறான். அடிதடி, கிள்ளல் என்றால் கண்டுகொள்ளாமல் விடக்கூடாது, உடனே நிறுத்த வேண்டும்.

எங்கே கெட்டுப்போகிறது

"இன்னைக்காவது ஒழுங்கா இருந்தியே" என்பது பாராட்டு வேடத்தில் வரும் குத்தல். "அவளப் பாரு, நீயும் இருக்கியே" என்பதும் அதே ரகம். பாராட்டு முன்பெஞ்சு நால்வரையே சுற்றி வந்தால் மற்றவர்கள் கைவிட்டுவிடுவார்கள். பெயர்ப்பட்டியலில் டிக் போட்டு வாருங்கள். 8, 9ஆம் வகுப்பில் எல்லார் முன்னும் புகழ்ந்தால் சிலர் கூசிப்போவார்கள், பெஞ்சருகே போய் மெதுவாகச் சொல்லுங்கள். மிட்டாய், பென்சில் வேண்டாம். நிறுத்திய அன்றே பழக்கமும் நின்றுவிடலாம்.

படி 6: குறைத்து வாருங்கள்

இரண்டு வாரம் கழித்து மீண்டும் அதே 10 நிமிடம் எண்ணுங்கள். கோடுகள் பாதியாகியிருந்தால் புளியங்கொட்டையை 10இலிருந்து 6 ஆக்குங்கள், பிறகு 3. குறையவே இல்லையென்றால் பாராட்டைக் கூட்டும் முன் வாக்கியத்தைப் பாருங்கள்: செயலின் பெயர் அதில் இருக்கிறதா?