ட்ராவல் ட்ரெய்லர் டயர் ஒரு பக்கமா தேயுதா? புது டயர் வாங்குறதுக்கு முன்னாடி இதப் பாருங்க

அமெரிக்கால ட்ராவல் ட்ரெய்லர் (வண்டிக்குப் பின்னாடி கட்டி இழுக்குற சக்கர வீடு) இழுக்குற நிறைய பேரு, டயர் ஓரம் மொட்டையாச்சுன்னா நேரா கடைக்குப் போய் நாலையும் மாத்திடுறாங்க. ஆனா காரணம் அடியில அப்படியே உக்காந்திருக்கும், புது டயரும் அதே மாதிரி தேஞ்சு போகும்.

எப்படித் தேஞ்சிருக்குன்னு பாக்குறதுக்கு முன்னாடி எந்த டயர் தேஞ்சிருக்குன்னு பாருங்க. டயர் பள்ளத்தோட ஆழம் அளக்குற கேஜ் வெச்சு ஒவ்வொரு டயர்லயும் உள் ஓரம், நடு, வெளி ஓரம் மூணையும் அளந்து எழுதிக்கோங்க. உள் ஓரத்த நின்னுட்டுப் பாத்தா தெரியாது, கீழ படுக்கத்தான் வேணும்.

நாலுமே ஒரே மாதிரி தேஞ்சிருந்தா ஆக்சிலைக் (ரெண்டு பக்கச் சக்கரத்தையும் தாங்குற குறுக்குத் தண்டு) குத்தம் சொல்லாதீங்க, காரணம் ஒண்ணு காத்து, இல்ல லோடு. நடுவுல மட்டும் தேய்ஞ்சா காத்து அதிகம், ரெண்டு ஓரமும் தேய்ஞ்சா காத்து கம்மி இல்லன்னா வெயிட் ஜாஸ்தி. காலைல வண்டி கிளப்புறதுக்கு முன்னாடி, டயர் சூடாகாதப்பவே ப்ரஷர் பாருங்க. லோட் ரேஞ்ச் (டயர் எவ்வளவு வெயிட் தாங்கும்ங்கிற வகை) டி டயர்ல பெரும்பாலும் 65 பிஎஸ்ஐ, ஈ-ல 80 மேக்ஸிமம்னு பக்கவாட்டுலயே போட்டிருக்கும். வெயிட்ட மனக்கணக்குல போடாதீங்க, தண்ணி டேங்க், சாமான் எல்லாத்தோடயும் ட்ரக் ஸ்டாப்ல இருக்குற கேட் ஸ்கேல்ல (CAT Scale, வண்டி எடை மேடை) ஏத்திப் பாருங்க.

ஒரே ஆக்சில்ல ரெண்டு டயரும் உள் ஓரத்துல தேய்ஞ்சா ஆக்சில் வளைஞ்சிருக்க வாய்ப்பு அதிகம். நிறைய ஆக்சில் ட்யூப் நடுவுல லேசா மேல தூக்கினாப்ல வளைச்சுதான் வரும், ஓவர்லோடுல அந்த வளைவு அமுங்கிச்சுன்னா சக்கரத்தோட மேல்பக்கம் உள்ள சாயும். கார் மாதிரி ஸ்க்ரூ திருகி அலைன்மென்ட் பண்ற கதை பெரும்பாலும் இங்க இல்ல, ஆக்சில் கடையில ஹைட்ராலிக் ப்ரெஸ் வெச்சு வளைச்சு சரி பண்ணுவாங்க, ரொம்பப் போயிருந்தா ஆக்சிலையே மாத்தணும். இன்னொண்ணு, ட்ரெய்லர் மூக்கு மேல தூக்கி நின்னா ரெண்டு ஆக்சில் வண்டியில பின் ஆக்சில் மேல லோடு கூடும், அதனால ட்ரெய்லர் மட்டமா நிக்குதான்னும் பாத்துடுங்க.

ட்ரெட்ட (டயர் தரையில படுற பள்ளம் போட்ட பகுதி) கையால தடவுனா ஒரு பக்கம் வழுக்கி எதிர்ப்பக்கம் ரம்பம் மாதிரி கீறுதா? அப்ப சக்கரம் நேரா ஓடல. கப்ளர் (ட்ரெய்லர் முன்னாடி, இழுக்குற வண்டியோட மாட்டுற பூட்டு) நடுப்புள்ளில இருந்து முன் ஆக்சிலோட ரெண்டு முனைக்கும் டேப் வெச்சு அளங்க, வித்தியாசம் 1/8 இன்ச்சுக்கு மேல போனா ஆக்சில் கோணலா இருக்கு. பெரும்பாலும் லீஃப் ஸ்ப்ரிங் (பட்டை வில்) போல்ட்டுல இருக்குற ப்ளாஸ்டிக் புஷ்ஷிங் (போல்ட்டச் சுத்தி இருக்குற குழாய் மாதிரி துண்டு) தேஞ்சு ஓட்டை பெருசாயிருக்கும். மாத்துறதே மாத்துறீங்க, வெண்கல புஷ்ஷிங்கும் கிரீஸ் அடிக்கிற போல்ட்டுமா போட்டுடுங்க, காசுக்கு மோசமில்ல.

ஒரே ஒரு டயர் மட்டும் குழி குழியா தேய்ஞ்சா பேரிங் லூஸ் இல்லன்னா பேலன்ஸ் இல்ல. ட்ரெய்லரோட ஃப்ரேம்ல ஜாக் போட்டுத் தூக்குங்க, ஆக்சில் ட்யூப்ல போட்டா அதுவே வளையலாம். தூக்கினதும் ஸ்டாண்ட் கொடுத்துட்டு, டயர மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்க. ஒரே எடத்துல தட்டையா தேய்ஞ்சிருந்தா அது பிரேக் லாக் ஆனது, இழுக்குற வண்டியில இருக்குற பிரேக் கன்ட்ரோலர்ல கெயின (ட்ரெய்லர் பிரேக் எவ்வளவு பலமா பிடிக்கணும்ங்கிற அளவு) கொறைங்க.

ரெண்டு ஆக்சில் வண்டிய நெருக்கமா திருப்பி ரிவர்ஸ் எடுத்தா டயர் பக்கவாட்டுல இழுபடத்தான் செய்யும். அந்தக் கொஞ்சத் தேய்மானத்துக்கெல்லாம் பதறாதீங்க, திருப்பும்போது கொஞ்சம் அகலமா திருப்புங்க போதும்.