சின்ன அக்‌ஷன் கமராவில் ஆடாத கடலடி வீடியோ

போன வருசம் நிலாவெளியில் படகேறிப் புறாத்தீவுக்குப் போய், செட்டை நுனி கறுத்த சுறாக்களை எடுத்துக்கொண்டு வந்தேன். வீட்டில் போட்டுப் பார்த்தால் படம் முழுக்க ஒரே ஆட்டம். செட்டிங்கை எல்லாம் மாற்றிப் பார்த்தும் சரிவரவில்லை. கடைசியில்தான் பிடிபட்டது: பிழை, நான் பிடித்திருந்த மஞ்சள் மிதவைக் கைப்பிடியில்.

1. கைப்பிடி

மிதவைப் பிடி கமராவை மேலே இழுத்துக்கொண்டே இருக்கும், நாம் கீழே அமுக்கிக்கொண்டே இருப்போம். அந்த இழுபறிதான் படத்தில் தெரிகிற ஆட்டம். செல்ஃபி ஸ்டிக்கும் வேண்டாம். கோல் நீள நீள மணிக்கட்டின் சின்ன அசைவும் நுனியில் பெரிதாகும். இரண்டு பக்கமும் பிடி வைத்த தட்டு ஒன்று வாங்குங்கள். செலவழிப்பதென்றால் இதற்குத்தான் செலவழிக்க வேண்டும்.

2. உப்புத்தண்ணிச் சோதனை

இதை அவசரப்படாமல் செய்யுங்கள். பெரிய பேசினில் 10 லீற்றர் தண்ணீருக்கு 350 கிராம் கணக்கில் உப்புக் கரைத்தால் ஏறக்குறையக் கடல்நீர். கமராவைத் தட்டில் பூட்டி உள்ளே வைத்துக் கையை எடுங்கள். மேலே வந்தால், தூண்டிலுக்குக் கட்டும் ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாகத் தட்டின் அடியில் கட்டிப் பாருங்கள். கல்லுப்போல விழுந்தால், மூடி இறுக்கிய சின்ன வெறும் போத்தலைக் கட்டுங்கள். ரெஜிபோம் கட்டாதீர்கள், உதிர்ந்து கடலில்தான் சேரும். கையை விட்டதும் மெல்ல, மிக மெல்லக் கீழே இறங்கினால் சரி.

முதல் தடவை நான் கிணற்றுத் தண்ணீரில் அளந்துவிட்டுப் போனேன். உப்புநீர் அடர்த்தி கூடியது; கடலில் இறங்கியதும் எல்லாம் மிதந்துவிட்டது. உப்புத்தண்ணியில் சரிபார்த்த கமரா கையை விட்டால் தாழும் என்பதால் மணிக்கட்டுக் கயிறு கட்டாயம்.

3. செட்டிங்

நொடிக்கு 60 பிரேம். பிறகு பாதி வேகத்தில் ஓட்டினால் மிச்ச ஆட்டமும் அடங்கும். உறுதிப்படுத்தலை (ஸ்டெபிலைசேஷன், கமராவே சட்டகத்தை நேராக்கி ஆட்டத்தைக் குறைக்கும் வசதி) நல்ல வெயிலில் மட்டும் போடுங்கள். வெளிச்சம் குறைந்தால் ஷட்டர் மெதுவாகும், ஒவ்வொரு பிரேமும் கலங்கும். சட்டகத்தை நேராக்கினாலும் அந்தக் கலங்கல் துடித்துத் துடித்துத் தெரியும். தண்ணீர் பட்டு மெனு தானாக மாறாமலிருக்கத் தொடுதிரையைப் பூட்டிவிடுங்கள்.

4. உடம்பு

முழங்கைகளை விலாவோடு ஒட்டி வையுங்கள். மூன்று தரம் காலடித்துவிட்டு நிறுத்தி, வழுக்கிப் போகும் அந்த நேரத்தில் 10 விநாடி எடுங்கள்.

அலை ஆட்டினால் எதிர்த்து நிற்காதீர்கள். முருகைக்கல்லுக்கு மேலே நிற்கும் மீன்கூட்டமும் அதே அலையில்தான் போய் வருகிறது. நீங்களும் கூடவே போய் வந்தால் மீன் சட்டகத்தின் நடுவிலேயே நிற்கும், பின்னால் கல்தான் அசையும். அது பார்க்க நல்ல அழகு. நிலையாக எடுக்கவென்று முருகைக்கல்லில் மட்டும் கால் ஊன்றாதீர்கள். மிதித்தால் உடையும், திரும்ப வளர வருசக்கணக்காகும்.

பிற்சேர்க்கை: இதே மாதிரிச் செய்தும் மிதக்கிறது என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். இரண்டு பேருமே கமராவுக்கு ஹவுசிங் (தண்ணீர் புகாத வெளிக்கூடு) போட்டிருக்கிறார்கள். உள்ளே அடைபட்ட காற்று தூக்கும், ஆகவே ஹவுசிங்கை மூடியபடியே பேசினில் அளக்க வேண்டும். என்னுடையதற்கு மேலதிகமாக நாலு குண்டு தேவைப்பட்டது.