கலர் பிலிம்களை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி? இரண்டு ரோலில் தொடங்கலாம்

"போர்ட்ரா இப்படித்தான் இருக்கும், கோல்டு இப்படித்தான் இருக்கும்" என்று கோடக் பிலிம் வகைகளைப் பற்றி இணையத்தில் வரும் மாதிரிப் படங்களை நம்பி பிலிம் வாங்க வேண்டாம். நெகட்டிவிலிருந்து வரும் நிறத்தை பிலிம் மட்டும் தீர்மானிப்பதில்லை. எவ்வளவு வெளிச்சம் கொடுத்தீர்கள், பிலிம் கழுவும் லேபில் என்ன ஸ்கேனர், அதை இயக்கியவர் நிறத்தை எந்தப் பக்கம் நகர்த்தினார் எல்லாம் அதில் கலந்திருக்கிறது. ஒரே நெகட்டிவ் இரண்டு லேபில் இரண்டு விதமாக வரும். எனவே மற்ற எதையும் மாற்றாமல் பிலிமை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். உங்களிடம் ஒரு 35 மிமீ கேமரா இருக்கிறது, பிலிம் மாட்டத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: டப்பாவைப் படியுங்கள்

மூன்று விஷயம் பார்த்தால் போதும். முதலில், எந்த முறையில் கழுவ வேண்டும் என்பது. சி-41 என்று இருந்தால் சாதாரண கலர் நெகட்டிவ். கலர் பிலிம் கழுவும் லேப் எதுவும் எடுத்துக்கொள்ளும். இ-6 என்றால் ஸ்லைடு, அதாவது நெகட்டிவாக இல்லாமல் நேரான நிறத்திலேயே வரும் பிலிம். இசிஎன்-2 என்றால் சினிமா பிலிம்.

அடுத்து ஐஎஸ்ஓ, அதாவது பிலிம் வெளிச்சத்தை எவ்வளவு வேகமாக வாங்கும் என்ற எண். உச்சி வெயிலில் 800 போட்டால் எஃப் 16-இல் கூட ஷட்டர் 1/800 அளவுக்குப் போக வேண்டியிருக்கும். பழைய கேமராக்களில் பல 1/500-உடன் நின்றுவிடும். நம் ஊர் பகல் வெளிச்சத்துக்கு 100, 200 தாராளம்.

மூன்றாவது, பகல் வெளிச்சத்துக்கானதா, டங்ஸ்டனா என்பது. சினிஸ்டில் 800டி என்ற பிலிமின் பெயரில் வரும் 'டி' டங்ஸ்டன். மஞ்சள் பல்புக்குச் சரிக்கட்டிய பிலிம் அது, பகலில் எடுத்தால் நீலம் பாயும்.

படி 2: இரண்டே ரோல் வாங்குங்கள்

ஐந்து வகையை ஒரே நேரத்தில் வாங்கினால் எதுவும் மனதில் நிற்காது. என் சிபாரிசு கோடக் கோல்டு 200, கோடக் எக்டார் 100. இரண்டும் சி-41. கோல்டு கொஞ்சம் மஞ்சளோடு இதமாக வரும், தானியம் (படத்தில் மணல் மாதிரி வரும் புள்ளிகள்) தெரியும். எக்டார் மிக நுண்ணிய தானியம், சிவப்பும் நீலமும் அழுத்தமாக வரும். ஆனால் முகங்கள் சிவந்து போக வாய்ப்பு உண்டு. பழகாத கண்ணுக்கும் வித்தியாசம் தெரியும் ஜோடி இது. போர்ட்ரா நல்ல பிலிம்தான், விலைதான் இடிக்கிறது. அதை மூன்றாவதாக வைத்துக்கொள்ளலாம். கோல்டோடு ஒப்பிட, அமெரிக்காவில் தயாரானது என்று அச்சிட்ட ஃபுஜிஃபிலிம் 200 டப்பாவை மட்டும் எடுக்காதீர்கள். இரண்டின் தொழில்நுட்பத் தாளையும் பக்கத்தில் வைத்தால் ஏறக்குறைய ஒன்றுதான்.

மலிவாகக் கிடைக்கும் சுற்றி அடைத்த ரோல்கள் பற்றி ஒரு வார்த்தை. இவற்றில் பல கோடக் விஷன்3 சினிமா பிலிமை வெட்டிச் சுற்றியவை. அந்த பிலிமின் முதுகில் ரெம்ஜெட் என்ற கரிப் பூச்சு இருக்கலாம். சி-41 எந்திரத்துக்குள் அது போனால் ரசாயனம் கெட்டு, அடுத்தவர் பிலிமும் பாழாகும். விற்பவரிடம் "ரெம்ஜெட் இருக்கா, எடுத்தாச்சா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். லேபிலும் மறைக்காமல் சொல்லுங்கள். சினிஸ்டில் 800டி-யும் விஷன்3 500டி-தான், பூச்சை எடுத்துவிட்டு விற்கிறார்கள். விளக்குகளைச் சுற்றிச் சிவப்பு வளையம் வருவதற்குக் காரணம், ஒளி பின்னால் மோதித் திரும்புவதைத் தடுக்க அந்தப் பூச்சு இல்லாததுதான்.

படி 3: ஒரே காட்சி, மூன்று வெளிச்சம்

ஒரு முகம், பச்சை இலை, சிவப்புத் துணி, வெள்ளைச் சுவர், கொஞ்சம் வானம், கொஞ்சம் நிழல். இவை எல்லாம் ஒரே படத்தில் அடங்கும் இடமாகப் பாருங்கள். மொட்டை மாடி வசதி. காலை வெயிலில், நிழலில், சாயங்காலம் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் என்று மூன்று முறை எடுங்கள். இரண்டாவது ரோலை இன்னொரு நாள், அதே நேரத்தில், அதே லென்ஸில். மேகம் மூடிய நாளாக இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

படி 4: ஒவ்வொன்றையும் நான்கு முறை எடுங்கள்

இந்தப் படியைத்தான் பலரும் தாண்டிவிடுகிறார்கள். மீட்டர் சொன்னபடி ஒன்று, ஒரு ஸ்டாப் குறைத்து ஒன்று, ஒரு ஸ்டாப் கூட்டி ஒன்று, இரண்டு ஸ்டாப் கூட்டி ஒன்று. (ஒரு ஸ்டாப் கூட்டினால் வெளிச்சம் இரட்டிப்பு, குறைத்தால் பாதி.) கலர் நெகட்டிவ் கூடுதல் வெளிச்சத்தைத் தாங்கும். குறைந்தால்தான் நிழல்கள் சேறு மாதிரி கலங்கி, தானியம் பெருகி, நிறம் திரியும். "இந்த பிலிம் சரியில்லை" என்று ஒதுக்கப்படும் ரோல்களில் கணிசமானவை வெளிச்சம் போதாமல் எடுத்தவை. கோல்டு ஒரு ஸ்டாப் கூடுதலில் எப்படி மலர்கிறது, எக்டார் எவ்வளவு கறாராக இருக்கிறது என்பது இந்த நான்கு படங்களில் தெரிந்துவிடும்.

மூன்று வெளிச்சத்துக்கும் சேர்த்து 12 படம். 36-இல் மிச்சம் 24, உங்கள் இஷ்டம். எந்த எண்ணில் என்ன அமைப்பு என்று அப்போதே ஒரு நோட்டில் எழுதிவிடுங்கள், சாயங்காலத்துக்குள் மறந்துபோகும்.

எடுத்து முடித்த ரோலை ஸ்கூட்டர் டிக்கியில் போட்டு வெயிலில் நிறுத்தாதீர்கள். சூடு நிறத்தைக் கெடுக்கும்.

படி 5: லேபில் என்ன சொல்ல வேண்டும்

இரண்டு ரோலையும் ஒரே லேபில், ஒரே நாளில் கழுவக் கொடுங்கள். "தானியங்கி நிறத்திருத்தம் வேண்டாம், இரண்டுக்கும் ஒரே அமைப்பில் ஸ்கேன் செய்யுங்கள்" என்று கேளுங்கள். இதைச் சொல்லாவிட்டால் ஸ்கேனர் ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாகச் சரிசெய்து, நீங்கள் தேடும் வித்தியாசத்தையே அழித்துவிடும். எல்லா லேபும் ஒத்துக்கொள்ளாது. அப்படியானால் டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் வைத்து, ஒரே வெள்ளை விளக்குப் பலகையின் மேல் நீங்களே பிரதி எடுக்கலாம். வெள்ளைச் சமநிலையை (ஒயிட் பேலன்ஸ்) மாறாமல் பூட்டிவிட்டு, பிலிம் ஓரத்தின் படமில்லாத ஆரஞ்சுப் பகுதியை அடிப்படையாக வைத்து நெகட்டிவ் நிறத்தை நேர் நிறமாகத் திருப்புங்கள்.

அப்புறம், நெகட்டிவைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்கேனை மட்டும் அனுப்பிவிட்டு நெகட்டிவைக் குப்பையில் போடும் இடங்கள் உண்டு.

படி 6: முதலில் நெகட்டிவ், பிறகு திரை

நெகட்டிவை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நிழல் பகுதியில் விவரம் எதுவும் இல்லாமல் வெறும் ஆரஞ்சாக இருந்தால் வெளிச்சம் போதவில்லை; அந்தப் படத்தை வைத்து பிலிமை எடைபோடக் கூடாது. மீதியைத் திரையில் ஜோடி ஜோடியாக வைத்து முகம், இலை, சிவப்பு என்று ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பல்பு வெளிச்சத்தில் இரண்டுமே ஆரஞ்சாகத்தான் வந்திருக்கும், அது பிலிமின் குற்றமில்லை.

அடுத்த ரோல்

பிடித்ததை இன்னும் இரண்டு ரோல் எடுத்துவிட்டு மூன்றாவது வகைக்குப் போங்கள். முகங்கள் அதிகம் எடுப்பவருக்கு போர்ட்ரா 400. விளையாட்டுத்தனமாக ஏதாவது வேண்டுமென்றால், ஹார்மன் நிறுவனம் 2023 டிசம்பரில் வெளியிட்ட ஃபீனிக்ஸ் 200: முரட்டு கான்ட்ராஸ்ட், பெரிய தானியம், மற்ற நெகட்டிவ்களின் ஓரத்தில் தெரியும் அந்த ஆரஞ்சு நிறமே கிடையாது. எக்டாக்ரோம் இ100 போன்ற ஸ்லைடுகளைக் கடைசியில் தொடுங்கள். அவற்றில் அரை ஸ்டாப் பிசகினாலே தெரியும். இ-6 கழுவும் லேப் எங்கே இருக்கிறது என்று விசாரித்துவிட்டுத்தான் ரோலையே வாங்க வேண்டும்.