நிர்வாக சேவைப் பரீட்சை: எதை, எங்கிருந்து, எவ்வளவு படிப்பது என்பதில் நேரும் தவறுகள்

வந்தாறுமூலையிலோ ஒலுவிலிலோ பட்டம் பெற்று, கிழமை நாட்களில் தற்காலிக வேலைக்கும் சனி ஞாயிறில் கல்முனை வகுப்புக்குமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு, இலங்கை நிர்வாக சேவைப் போட்டிப் பரீட்சைக்குப் படிக்க எதுவும் கிடைக்கவில்லை என்ற குறை இன்று இல்லை. வகுப்பில் தரும் ரியூட், வழிகாட்டி நூல், வாட்ஸ்அப் குழுவில் வந்து குவியும் கோப்பு, யூடியூப் காணொளி, அரச அறிக்கை என எல்லாம் கையிலேயே இருக்கின்றன. அவற்றுள் எதற்கு எவ்வளவு இடம் கொடுப்பது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள்.

வர்த்தமானி அறிவித்தலை முழுமையாக வாசிக்காமல் படிப்பைத் தொடங்குவது முதல் தவறு. பாடங்கள், புள்ளிகள், நேரம், வயதெல்லை ஆகியவை அதில்தான் உள்ளன. முன்பு எழுதியவர் வாய்மொழியாகச் சொல்லும் விவரம் அவர் எழுதிய ஆண்டுக்கு மட்டுமே பொருந்தலாம். வெள்ளிக்கிழமைகளில் வெளிவரும் வர்த்தமானி தமிழிலும் கிடைக்கும்போது வேறொருவரின் சுருக்கத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை.

அடுத்த தவறை நானே செய்தவன் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். தமிழ் மொழிமூலம் எழுதுகின்ற நமக்குத் தமிழ்நாட்டுத் தேர்வாணையப் பரீட்சைகளுக்கான காணொளிகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. தெளிவாகவும் விறுவிறுப்பாகவும் இருப்பதால் நானும் பல மாதங்கள் அவற்றிலேயே மூழ்கியிருந்தேன். ஒரு மாதிரிப் பரீட்சையில், அரசியலமைப்புக்குப் பொருள்கோடல் செய்யும் நியாயாதிக்கம் எந்த நீதிமன்றத்துக்கு உரியது என்ற வினாவுக்கு விடைகளைப் பார்த்தேன். ‘உச்ச நீதிமன்றம்’ என்ற சொல்லைத் தேடினேன், அது இல்லை. ‘உயர் நீதிமன்றம்’ இருந்தது, ஆனால் அது மாநில அளவிலான நீதிமன்றம் என்று மனம் சொன்னதால் ‘மேன்முறையீட்டு நீதிமன்றம்’ என்பதற்குக் கோடிட்டேன். இந்தியத் தமிழில் உச்ச நீதிமன்றம் என்பதுதான் நமது உயர் நீதிமன்றம். அங்கே உயர் நீதிமன்றம் எனப்படுவது, ஆங்கிலப் பெயரளவில், இங்குள்ள மேல் நீதிமன்றத்துக்கு நெருக்கமானது. மசோதா இங்கே சட்டமூலம். மாவட்ட ஆட்சியர் என்ற பதவி இங்கே மாவட்டச் செயலாளர், ஊர் வழக்கில் அரசாங்க அதிபர். சொல் மாறும் இடங்களில் பெரும்பாலும் அதிகாரத்தின் அமைப்பும் மாறுவதால், அகராதி போட்டு மனனம் செய்தால் இது தீராது. நுண்ணறிவு வினாக்களின் கணக்கு முறைகளுக்கு அக்காணொளிகள் மிகவும் நல்லவை. நாட்டின் அரசியல், நிர்வாகம் தொடர்பானவற்றை அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியிலும் நமது அரச ஆவணங்களிலுமே படிக்க வேண்டும்.

மூன்றாவது, ஆண்டு தெரியாத போட்டோ கொப்பிகள். மட்டக்களப்பில் ஒரு நூலக மேசையில் தம்பி ஒருவரின் கோப்பைப் புரட்டியபோது, ஒரு தாளில் 22 ஆவது திருத்தம் 2022 இல் நிறைவேறியது என்றும், இன்னொன்றில் அதே திருத்தம் 21 ஆவது என்றும் இருந்தது. “எது அண்ணா சரி?” என்று கேட்டார். 22 ஆவது திருத்தச் சட்டமூலமாக வந்து, 21 ஆவது திருத்தமாகச் சட்டமானது என்பதே விடை. முதல் தாளை எழுதியவர் அன்றைய செய்தித் தலைப்பைப் பார்த்து எழுதியிருப்பார். குறையாகச் சொல்ல முடியாது. ஆனால் அதே கோப்பில் மத்திய வங்கியை நாணயச் சபை நிர்வகிக்கிறது என்ற குறிப்பும் இருந்தது. 2023 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்க மத்திய வங்கிச் சட்டம் 1949 முதல் இருந்த நாணய விதிச் சட்டத்தின் இடத்துக்கு வந்தபோதே அந்த ஏற்பாடு மாறிவிட்டது. வடக்கும் கிழக்கும் ஒரே மாகாண சபையாக இயங்குவதாகச் சொல்லும் தாளை இன்னும் பழையதென்று கிழக்கில் பிறந்த எவரும் கண்டுபிடித்துவிடுவார்கள்; 2006 இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, 2007 ஜனவரி 1 முதல் அவை பிரிந்தன. நமக்குப் பழக்கமில்லாத விடயங்களில்தான் பழைய தாள் நம்மை ஏமாற்றுகிறது. எனவே எந்தத் தாள் கைக்கு வந்தாலும் அதன் மேல் மூலையில் ஆண்டை எழுதிவிடுங்கள். ஆண்டு தெரியாவிட்டால், அதிலுள்ள எண்களையும் பதவிப் பெயர்களையும் மத்திய வங்கியின் அறிக்கையோடும் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் வெளியீட்டோடும் ஒப்பிட்ட பின்னரே மனதில் ஏற்றுங்கள்.

வகுப்புக் குறிப்பை மட்டும் படிப்பதும் வகுப்பே வேண்டாமென்று அறிக்கைகளுக்குள் தொலைந்துபோவதும் ஒரே அளவு நட்டம்தான். முந்தையவர் ஆசிரியரின் கருத்தை அப்படியே எழுதுவார். பிந்தையவர் இருநூறு பக்கம் வாசித்தும் இரண்டு பந்தி எழுதத் தெரியாமல் நிற்பார்.

வாசிப்பு ஏறிக்கொண்டே போய், எழுதிப் பார்ப்பது நின்றுவிடுவது பலரும் கவனிக்காத தவறு. கடந்தகால வினாத்தாள்களைக் கடைசி மாதத்துக்கென்று எடுத்து வைக்கிறார்கள். அவற்றை முதலிலேயே செய்து பார்த்தால்தான் எந்த மூலத்தில் எந்த அளவு ஆழம் போதும் என்று தெரியும். என் அனுபவத்தில், கிடைக்கும் நேரத்தில் பாதி, மணிக்கூட்டை வைத்து எழுதிப் பார்ப்பதற்கும், மீதியின் பெரும்பகுதி ஓர் அடிப்படை நூலுக்கும் அரச ஆவணங்களுக்கும், நாளொன்றுக்கு அரை மணித்தியாலம் நாளிதழுக்கும் என்று வைத்துக்கொண்ட பிறகுதான் படிப்பு வசத்துக்கு வந்தது. அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் வந்த கோப்புகளை நான் தரவிறக்கவே இல்லை.