‘இப்போ எந்த கோர்ஸுக்கு வேல்யூ?’ என்ற கேள்வியும் அதன் பின்னால் வரும் தவறுகளும்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த அன்று சாயங்காலமே என் போன் அடிக்க ஆரம்பித்துவிடும். "சார், இப்போ எந்த கோர்ஸுக்கு வேல்யூ?" இன்ஜினியரிங் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் நடத்துகிறவனுக்கு ஜோசியமும் தெரியும் என்று சொந்தக்காரர்கள் நம்புகிறார்கள். அந்த ‘இப்போ’தான் முதல் தவறு. பிள்ளை வேலை தேடப் போவது நான்கு வருடம் கழித்து.

1998இல் அடித்துப் பிடித்து கம்ப்யூட்டர் சயின்ஸ் சேர்ந்தவர்கள் 2002இல் வெளியே வந்தபோது, இன்டர்நெட்டை நம்பித் தொடங்கிய டாட்காம் கம்பெனிகள் படுத்திருந்தன. அதைப் பார்த்துப் பயந்து வேறு துறைக்கு ஒதுங்கியவர்கள் 2006இல் படித்து முடித்தபோது, ஐ.டி. கம்பெனிகள் மெக்கானிக்கல், சிவில் பிள்ளைகளையும் சேர்த்து அள்ளிக்கொண்டு போயின. இரண்டே வருடத்தில், 2008இல் மறுபடி சரிவு. அன்றைய சந்தையைப் பார்த்து முடிவெடுத்த இரு தரப்பின் கணிப்பும் தப்பிப்போனது.

இன்று செயற்கை நுண்ணறிவு என்று பெயர் வைத்த கோர்ஸுக்குத்தான் கூட்டம். சேருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. சேரும் முன் அந்த சிலபஸையும் சாதாரண கம்ப்யூட்டர் சயின்ஸ் சிலபஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் இரண்டு வருடப் பாடங்களில் பெரும்பகுதி ஒன்றாகவே இருக்கும். அதை ஒழுங்காக நடத்த அந்தக் கல்லூரியில் ஆள் இருக்கிறார்களா என்று சீனியர் மாணவர்களிடம் விசாரிப்பதுதான் பிரயோஜனம்.

அடுத்தது, கணக்கை கட்-ஆஃபோடு தலைமுழுகுவது. கட்-ஆஃப் 200இல் பாதி கணக்கு மார்க் என்பதால் இரண்டு வருடம் உயிரைக் கொடுத்துப் படிக்கிறார்கள். கவுன்சிலிங் முடிந்ததும் மறந்துவிடுகிறார்கள். தமிழ்நாட்டு பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தின் முதல் பாடமே அணிகள். பின்னால் நிகழ்தகவு வருகிறது. செயற்கை நுண்ணறிவுக்குப் பின்னால் இருக்கும் மெஷின் லேர்னிங்கின் அடித்தளத்தில் இந்த இரண்டும் முக்கியமானவை.

எனக்கு மிகவும் எரிச்சலூட்டுவது, ப்ராஜெக்ட்டைக் காசு கொடுத்து வாங்குவது. ஒரு வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், மாணவன் ஒருவன் தானியங்கி நீர்ப்பாசனக் கருவி வைத்திருந்தான். மண்ணின் ஈரத்தை அளக்க ஒரு சென்சார், அதைப் படித்து மோட்டாரை இயக்க ஆர்டுயினோ என்ற குட்டி கம்ப்யூட்டர் போர்டு, தண்ணீர் விட ஒரு குட்டி மோட்டார். ப்ராஜெக்ட் சென்டரில் வாங்கியது என்பது பார்த்ததுமே தெரிந்தது. "ஈரம் 400க்குக் கீழே போனால் மோட்டார் ஓடும்" என்று ஒப்பித்தான். சரி என்று சென்சாரைத் தண்ணீர் டம்ளரில் வைக்கச் சொன்னேன். மோட்டார் ஓடியது! வெளியே எடுத்துத் துடைத்தான்; நின்றுவிட்டது. நனைந்த மண்ணுக்குத் தண்ணீர், காய்ந்த மண்ணுக்குப் பட்டை நாமம்.

விஷயம் எளிது. அந்த போர்டு சென்சாரிலிருந்து வருவதை 0 முதல் 1023 வரை ஓர் எண்ணாகப் படிக்கும். சில வகை சென்சாரில் ஈரம் கூடினால் எண் கூடும்; சிலவற்றில் குறையும். ஒரு வகைக்கு எழுதிய புரோகிராமை இன்னொரு வகையோடு மாட்டிக் கொடுத்துவிட்டார்கள். ஒரே ஒரு முறை அவனே தண்ணீரில் வைத்துப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். 400 எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். பதில் இல்லை. மறு வாரம் வரச் சொல்லி அனுப்பினேன்.

இன்று சாட்ஜிபிடியிடம் கேட்டால் அந்த புரோகிராம் ஒரு நிமிடத்தில் வந்துவிடும். இதில் இரண்டு விதமாகத் தப்பு நடக்கிறது. மாணவர்கள் அப்படியே ஒட்டுகிறார்கள். எங்களைப் போன்ற ஆசிரியர்கள் தொடவே கூடாது என்கிறோம். வேலைக்குப் போகும் இடத்தில் அதைப் பயன்படுத்தத்தான் சொல்வார்கள். ஆனால் உன் கையில் இருப்பது எந்த சென்சார் என்று அதற்குத் தெரியாது. நீதான் அளந்து சொல்ல வேண்டும். அதனிடம் புரோகிராமை எழுதி வாங்கிக்கொள், வரிக்கு வரி விளக்கு, நான் ஓரிடத்தை மாற்றச் சொன்னால் என் முன்னாலேயே மாற்று. இப்போது என் லேப்பில் இதுதான் விதி.

சர்டிஃபிகேட் சேர்ப்பதும் ஒரு வியாதி. ரெஸ்யூமேயில் பதினைந்து இருக்கும், ஒன்றைப் பற்றிக்கூட ஐந்து நிமிடம் பேச வராது. என்பிடெல் என்ற இணையதளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் பாடங்கள் இலவசமாகவே கிடக்கின்றன. தேர்வு எழுதத்தான் கட்டணம். அதில் 12 வாரப் பாடம் ஒன்றை அசைன்மென்ட் விடாமல் முடித்தாலே போதும்.

மார்க் குறைந்தவன்தான் பாலிடெக்னிக், ஐ.டி.ஐ. போவான் என்ற நினைப்பையும் விடலாம். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.களில் ரோபோ முதலான புது இயந்திரங்கள் வந்திருக்கின்றன. டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் வருடத்தில் நேரடியாகச் சேரலாம்.

அப்புறம் இங்கிலீஷ். வேண்டும்தான். ஆனால் "மை செல்ஃப்" என்று தொடங்கும் பத்து வரியை மனப்பாடம் செய்வது இங்கிலீஷ் கற்பது ஆகாது. செய்த வேலையை முதலில் தமிழில் கோர்வையாகச் சொல்லிப் பழகட்டும், பிறகு அதையே இங்கிலீஷில் சொல்லட்டும். சொல்ல விஷயம் இல்லாதவனுக்கு எந்த மொழியும் திக்கும்.

நீர்ப்பாசனப் பையன் மறு வாரம் மூன்று டம்ளர் மண்ணோடு வந்தான். காய்ந்தது, லேசாக நனைந்தது, சேறு. மூன்றிலும் சென்சாரை வைத்து வந்த எண்களை ரஃப் நோட்டில் எழுதியிருந்தான். முக்கால்வாசி தமிழில் விளக்கினான், ஒரு இடத்திலும் நிற்கவில்லை. கிளம்பும்போது, "இது எங்க தோட்டத்து செம்மண் சார். களிமண்ல எவ்ளோ வருதுன்னு பார்த்துட்டு நாளைக்குச் சொல்றேன்" என்றான்.