பவேரியப் பொடியை இழுக்காதீர்கள், முகருங்கள்

ஜெர்மனியின் பவேரியா மாநிலத்தில் உள்ள ரேகன்ஸ்பர்க் நகரில் எனக்கு அது முதல் குளிர்காலம். கீழ்வீட்டுப் பெரியவர் கண்ணாடிப் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு மாலை தன் சட்டைப் பையிலிருந்து தட்டையான சிறு கண்ணாடிக் குப்பியை எடுத்தார். புறங்கையில் தட்டியபோது ஈரமான காப்பித்தூள் போன்ற கரிய மூக்குப்பொடி சிறு குவியலாக விழுந்தது. எனக்கும் கொடுத்தார். என் தாத்தா பட்டணம் பொடி போடுவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அதே வேகத்தில் ஒரே மூச்சில் இழுத்தேன். பொடி தொண்டைக்குப் போய், கண்ணில் நீர் வழிந்து, கால் மணி நேரம் இருமினேன். மணம் என்று ஒன்று இருந்ததே எனக்குத் தெரியவில்லை. அன்று அவர் சொல்லித் தந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

அந்தப் பொடிக்கு ஷ்மால்ட்ஸ்லர் என்று பெயர். ஷ்மால்ட்ஸ் என்றால் உருக்கிய கொழுப்பு. பிரேசில் புகையிலையை அரைக்கும்போது அந்தக் காலத்தில் உருக்கிய வெண்ணெயை, நாம் நெய் என்போமே, அதைச் சேர்த்தார்கள். நாளானால் நெய்யில் காறல் வாடை வந்துவிடும். அதனால் இப்போது வெள்ளை எண்ணெய் எனப்படும் மணமற்ற கனிம எண்ணெயைச் சேர்க்கிறார்கள். பெயர் மட்டும் மாறவில்லை.

கடையில் கேட்டால் பலரும் முதலில் நீட்டுவது மெந்தால் பொடி. 'க்ளெட்ஷர்ப்ரீஸே' அதில் மிகவும் பெயர் பெற்றது. பனியாற்றுச் சிட்டிகை என்று பொருள். லாண்ட்ஸ்ஹூட்டில் 1902-ல் தொடங்கிய பெஷ்ல் நிறுவனம் அதைத் தயாரிக்கிறது. மூக்கு திறந்துகொண்டதுபோல் குளிர்ச்சியாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் குளிர்ச்சியில் புகையிலையின் மணம் அமுங்கிப்போகிறது. புகையிலையை அறிய வேண்டுமானால் ஷ்மால்ட்ஸ்லரிலிருந்து தொடங்குங்கள். அதே நிறுவனத்தின் 'ஷ்மால்ட்ஸ்லர்ஃபிரான்ஸ்ல்' எளிதில் கிடைக்கும்.

முதலில் மூக்கைச் சிந்தித் துடைத்துக்கொள்ளுங்கள். கையில் சோப்பு வாசனை இருக்கக் கூடாது. பெரியவர் வெறும் தண்ணீரில்தான் கை கழுவுவார். பெருவிரலை விரித்தால் மணிக்கட்டருகே ஒரு குழி விழும். அங்கே இரண்டு மிளகு அளவுக்குப் பொடியைத் தட்டுங்கள். உடனே மூக்கருகே கொண்டுபோக வேண்டாம். உடம்புச் சூட்டில் அரை நிமிடம் இருக்கட்டும், மணம் எழும்பும்.

இனிதான் பக்குவம். மல்லிகைச் சரத்தை முகர்வீர்களே, அவ்வளவு மூச்சு போதும். ஒரு துளைக்குப் பாதி, மறுதுளைக்கு மீதி. பொடி மூக்கின் முன்பகுதியிலேயே தங்க வேண்டும். தொண்டையில் கசப்புத் தட்டினால் அதிகமாக இழுத்துவிட்டீர்கள் என்று அர்த்தம், துப்பிவிடுங்கள், விழுங்காதீர்கள். தும்மல் வந்தால் தும்முங்கள், அடக்க வேண்டாம். சில நாளில் தும்மல் வருவதே குறைந்துவிடும்.

பிறகு பேசாமல் உட்காருங்கள். முதலில் லேசான எரிச்சல் தெரியும். அது அடங்கியதும் உலர்திராட்சை மணம் வரும், அதன் பின்னால் வெல்லப்பாகு, இன்னும் சற்றுப் பொறுத்தால் புதுத் தோல் செருப்பின் வாசனை. எனக்கு மூன்றாவது மணம் பிடிபட இரண்டு வாரம் ஆனது. அது பிடிபட்ட அன்று பெரியவர் என் தோளைத் தட்டினார். அந்த மாலையை நான் மறக்க மாட்டேன். ஐந்து நிமிடமாவது பொறுத்து மூக்கைத் துடையுங்கள். அடர்நிறக் கைக்குட்டையாக இருக்கட்டும், கறை போகாது.

பொடியை எப்போதும் இறுக மூடி வையுங்கள். விரலில் அழுத்தினால் லேசாக ஒட்ட வேண்டும். மணல்போல் உதிர்ந்தால் மணம் போய்க்கொண்டிருக்கிறது. பவேரியக் காட்டுப் பகுதியின் கண்ணாடிப் பட்டறைகளில் ஊதிச் செய்த குப்பிகள் வாய் சிறுத்திருப்பது இதற்கு வசதி. வண்ண இழைகள் சுழன்றோடும் அந்தக் குப்பிகளைப் பார்க்க விரும்பினால் கிராஃபெனாவ் ஊரில் மூக்குப்பொடிக்கென்றே அருங்காட்சியகம் இருக்கிறது. ஒரு நாள் ஒதுக்கிப் போய் வாருங்கள்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். புகை இல்லாவிட்டாலும் இது புகையிலைதான். நிகோடின் இரத்தத்தில் கலக்கும், பழக்கமாகப் பற்றிக்கொள்ளும், உடலுக்குக் கேடு. புகையிலையைத் தொடாதவர்கள் இதற்காகத் தொடங்கவே வேண்டாம். பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு ஜெர்மனியில் விற்கவும் மாட்டார்கள். நான் ஞாயிறு மாலை மட்டும் ஒரு சிட்டிகை என்று வைத்திருக்கிறேன். மற்ற நாட்களில் குப்பி பெரியவர் வீட்டு அலமாரியில், அவருடைய குப்பிக்குப் பக்கத்தில் இருக்கும்.