விரால் குஞ்சுகள் ஒன்றையொன்று தின்றபோது

இரண்டடித் தொட்டியில் முப்பது விரால் குஞ்சுகளை விட்டேன். அரை விரல் நீளம், செம்மஞ்சள் நிறம், பார்க்கவே ஆசையாக இருக்கும். ஒரு வாரத்தில் பத்தொன்பதுதான் மிச்சம். செத்து மிதந்தது ஒன்றுகூட இல்லை. ஒருநாள் காலை பார்த்தால், கொஞ்சம் பெரிய குஞ்சு ஒன்றின் வாய்க்கு வெளியே இன்னொன்றின் வால் துடித்துக்கொண்டிருந்தது. மனசு பதறிவிட்டது.

அன்றே அளவு பார்த்து மூன்று தொட்டிகளில் பிரித்துவிட்டேன். ஒளிந்துகொள்ள வேலம்பாசி என்ற நீர்ச்செடியைப் போட்டேன். இரண்டு வேளைத் தீனியை ஐந்து வேளையாக்கினேன். முதலில் கொசுப்புழு, அப்புறம் பொடியாக நறுக்கிய இறால். ஒன்று மட்டும் வேகமாக வளர்ந்துவிடும் என்பதால் வாரம் ஒருமுறை மறுபடி அளவு பிரிப்பேன், இதுதான் முக்கியம். விரால் துள்ளும், அதனால் மேலே வலை கட்டினேன். காற்றை மூச்சிழுக்க மேலே வரும், அதற்குத் தண்ணீருக்கும் வலைக்கும் நடுவே நான்கு விரல் இடமும் விட்டேன். அதன்பின் இரண்டு மாதத்தில் ஒரே ஒரு குஞ்சுதான் குறைந்தது.